காத்திருப்போர் கணக்கு

வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் பையும் கூடையுமாக இந்த மண்டபத்துக்குள் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நண்பர்களே!

என் தகப்பனார் டிராம் வண்டியில் ஆபீஸுக்குப் போய் வந்தவர். 1895-ஆம் ஆண்டு இந்தச் சென்னைப் பட்டணத்தில் ஓடத் தொடங்கிய அந்த மின்சார டிராம் 1953-இல் ஒரேயடியாக நின்றுபோன பிறகும், வெகுகாலம் வரையில் அவர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஊர்ந்து போகும், மணியடித்துக்கொண்டே போகும், மழை பெய்தால் திணறும் என்றெல்லாம் அதன் குறைகளை அடுக்கிவிட்டு, கடைசியில், "ஆனால் வரும்" என்று முடிப்பார். அந்த "வரும்" என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டுமே நான் இன்று பேச விரும்புகிறேன்.

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்த சாதனங்கள் கொஞ்சமல்ல. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உண்டாயிற்று, பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும் என் வயதுக்காரர்கள் இன்னும் "பல்லவன் போயிடுச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். 1995-இல் பறக்கும் ரயில் சேப்பாக்கம் வரையில் பறந்தது. அது வேளச்சேரியை எட்ட 2007 ஆயிற்று. 2015-இல் மெட்ரோ ரயில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கி, இன்று 54 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது. இவற்றில் எதையும் நான் பழிக்க வரவில்லை. மெட்ரோ நிலையத்துக்குள் போனால், அடுத்த வண்டி இத்தனை நிமிஷத்தில் என்று ஒரு பலகை சொல்கிறது. சொன்னபடி வண்டியும் வருகிறது. சக மனிதனுக்குக் காட்டும் மரியாதை என்பது அதுதான். ஆனால் அந்த மரியாதை நிலையத்தின் வாசற்படியோடு ஏன் முடிந்துவிட வேண்டும்? வாசலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களும் இதே ஊரின் பிரஜைகள்தாமே? அவர்கள்தாமே தொகையில் அதிகம்?

சென்ற மாதத்தில் ஒரு நாள், மாலை ஆறேகால் மணியிலிருந்து ஏழு மணி வரையில் ஒரு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். எந்த நிறுத்தம், எந்தத் தடம், எவருடைய வண்டி என்று சொல்ல மாட்டேன். சொன்னால், அன்று பணியில் இருந்த ஓட்டுநருக்கோ நடத்துநருக்கோ நாளைக் காலையில் ஒரு மெமோ போகும், அந்த மெமோவோடு விஷயம் தீர்ந்ததாகக் கோப்பையும் கட்டி வைத்துவிடுவார்கள். நிழற்குடை பளபளப்பானதுதான். உட்கார்ந்தால் சறுக்கி இறங்கும்படியாகச் சரித்து வைத்த எஃகு இருக்கை. தலைக்கு மேலே விளக்கு வெளிச்சத்தில் நகைக்கடை விளம்பரம். எந்தெந்த எண் வண்டிகள் அங்கே நிற்கும் என்று சொல்லும் பலகை மாத்திரம் இல்லை. என் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் ஒயர்கூடையோடு நின்றார். மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு வருகிறவர். வீடு பெரும்பாக்கத்தில். முன்பு கூவம் கரையோரத்தில் குடியிருந்தார்களாம். அப்போதெல்லாம் வேலைக்கு நடந்தே போய்விடுவாராம். நிமிஷத்துக்கு ஒரு முறை அவர் சாலையில் இறங்கி வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதும், மோட்டார் சைக்கிள் ஒன்று ஹாரன் அடிக்கப் பின்வாங்குவதுமாக முக்கால் மணி நேரம் போயிற்று.

பிறகு வண்டி வந்தது. ஒன்றல்ல, ஒரே எண் கொண்ட மூன்று வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. முதல் வண்டியின் படிக்கட்டில் பையன்கள் கொத்தாகத் தொங்கினார்கள். "பின்னாடி காலியா வருது" என்று உள்ளேயிருந்து நடத்துநர் குரல் கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. பின்னால் வந்தது காலியாகத்தான் வந்தது. ஆனால் முன்வண்டி நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு நின்றபடியால், அது வலப்புறம் ஒதுங்கி, நிற்காமலே தாண்டிப் போய்விட்டது. மூன்றாவது வண்டி ஐம்பது அடி தள்ளி, நடுச்சாலையில் நின்றது. அந்த அம்மாள் ஓடினார். ஏறியும்விட்டார். ஏறுகிற அவசரத்தில் ஒயர்கூடை கைப்பிடிக் கம்பியில் மாட்டி, உள்ளே இருந்த டிபன் பாக்ஸ் சாலையில் விழுந்து உருண்டது. அதற்காக இறங்கினால் வண்டி போய்விடும், அவர் இறங்கவில்லை. நான் அதை எடுத்து நீட்டுவதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிட்டார். அதன் பிறகு மூன்று நாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய் நின்றேன். மூன்று நாளும் அந்த எண் வண்டி வந்த நேரம் மூன்று விதமாக இருந்தது. அந்த அம்மாளை நான் மறுபடி காணவில்லை.

அன்பர்களே, மூன்று வண்டிகள் சேர்ந்து வருவது யாரோ ஓர் ஓட்டுநரின் சோம்பேறித்தனம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பெரும் பிழை. பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக வண்டிகள் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி ஒரு சிக்னலில் நான்கு நிமிஷம் சிக்கிக்கொள்கிறது. அந்த நான்கு நிமிஷத்துக்குள் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் பத்துப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏற நேரமாகிறது. அதனால் அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் அதிகம் பேர். அவர்களும் ஏற மேலும் தாமதம். பின்னால் வருகிற வண்டிக்கோ, முன்வண்டி எல்லாரையும் வாரிக்கொண்டு போய்விட்டதால் ஏற்றுவதற்கு ஆளில்லை. அது சுலபமாக ஓடி வந்து முன்வண்டியைப் பிடித்துவிடுகிறது. ஆக, தாமதமானது மேலும் தாமதமாவதும், காலியானது மேலும் காலியாவதும் யாரும் குறுக்கிடாமல் விட்டால் தானே நடந்தேறும் இயற்கை. அந்த இயற்கையில் குறுக்கிடுவதற்குத்தான் நிர்வாகம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம்! பாதி வழியில் ஒரு நேரக்காப்பாளர் நின்று, நெருங்கி வந்துவிட்ட வண்டியை மூன்று நிமிஷம் நிறுத்தி வைத்து அனுப்பினால், அந்தத் தடம் முழுவதும் ஒழுங்குக்கு வந்துவிடும். இது புதிய சாஸ்திரம் அல்ல. இன்றைக்கு நேரக்காப்பாளர் வெயிலில் நிற்கக்கூட வேண்டியதில்லை. எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று கைபேசியில் காட்டும் செயலி 2022-லேயே வந்துவிட்டது. வண்டி இருக்கும் இடம் பிரயாணிக்குத் தெரிகிறது. ஆகவே நிர்வாகத்துக்கும் தெரியும். மூன்று வண்டிகள் சேர்ந்து வருவதைத் திரையில் பார்த்துக்கொண்டே சும்மா இருப்பதைத் தொழில்நுட்பக் குறைவு என்று சொல்ல முடியாது. பார்த்தும் அசையாத அலட்சியம் அது என்று இந்த மேடையிலிருந்து சொல்கிறேன்.

ஏன் அந்த அலட்சியம்? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. போக்குவரத்துத் துறை வருஷந்தோறும் சட்டசபையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். எத்தனை வண்டிகள், எத்தனை கிலோமீட்டர், ஒரு லிட்டர் டீசலுக்கு எவ்வளவு தூரம், ஒரு டயர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைத்தது, நாளொன்றுக்கு வசூல் என்ன என்று வரிசை வரிசையாகக் கணக்கு இருக்கும். டயருக்குக் கணக்கு வைப்பதைக் குறை சொல்லவில்லை. டீசலைச் சிக்கனமாக ஓட்டுவதில் நம் ஊழியர்கள் பெயர் பெற்றவர்கள், அதில் எனக்குப் பெருமையே உண்டு. ஆனால் நான் புரட்டிய பக்கங்களில், ஒரு மனிதன் நிறுத்தத்தில் எத்தனை நிமிஷம் நின்றான் என்ற கணக்கை ஓரிடத்திலும் காணவில்லை. டயரின் ஆயுளுக்கு ஏடு இருக்கிறது. மனித ஆயுளுக்கு இல்லை.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். போகும்போது 20 நிமிஷம், வரும்போது 20 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் தாய்மார்கள் இது குறைவு என்றுதான் சொல்வார்கள். நாளொன்றுக்கு 40 நிமிஷம். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 1,000 நிமிஷம். அதாவது 16 மணி 40 நிமிஷம். எட்டு மணி நேர வேலை நாள் இரண்டுக்கும் மேல்! மாதந்தோறும் இரண்டு நாள் உழைப்பை ஓர் ஏழைப் பெண்ணிடமிருந்து சம்பளமில்லாமல் பறித்துக்கொண்டு, அதற்கு ஒரு ரசீதும் கொடுக்காமல் விடுகிறோம். அவள் இரண்டு நாள் வேலைக்கு வராவிட்டால் வீட்டுக்காரம்மாள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வாள். வண்டி வராத இரண்டு நாளுக்கு யாருடைய சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்கள்?

வண்டி போதவில்லை என்பதும் உண்மைதான். அதையும் மறைக்காமல் பேசுவோம். பெரு நகரங்களில் லட்சம் பேருக்கு 60 பேருந்துகள் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் நகர்ப்புற அமைச்சகம் வகுத்த அளவுகோல். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி சென்னைப் பெருநகரில் 86 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். அந்தப் பழைய கணக்கை வைத்துக்கொண்டாலே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வேண்டும். நம்மிடம் இருப்பவை மூவாயிரத்துச் சொச்சம். இதைச் சொன்னவுடனே, "பேருந்து நஷ்டத்தில் ஓடுகிறது, மேலும் வாங்கினால் மேலும் நஷ்டம்" என்று ஒரு சமாதானம் வரும். நான் கேட்கிறேன்: அண்ணா மேம்பாலம் எவ்வளவு லாபம் சம்பாதித்தது? நகரத்துச் சாலைகளுக்குத் தார் போட்டதில் இந்த வருஷம் வரவு என்ன? கார் வைத்திருப்பவன் ஏறிப் போகும் பாலத்துக்கு லாப நஷ்டம் கேட்காத நாக்கு, கூடைக்காரி ஏறிப் போகும் வண்டிக்கு மாத்திரம் ஏன் கேட்கிறது? அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து அண்ணா சாலையில் நிற்கிறது. அதற்கு முன்னால் ஒற்றை ஆள் உட்கார்ந்த கார் ஒன்று நிற்கிறது. சாலையின் பங்கீட்டில் இரண்டும் சமமா? பேருந்துக்கென்று ஒரு தனித் தடத்தைக் கோடு போட்டு ஒதுக்குங்கள் என்று கேட்டால் இடமில்லை என்கிறார்கள். இடம் இருக்கிறது, ஐயா; அதில் கார்களை நிறுத்தி வைத்திருக்கிறோம். பிரேசில் தேசத்தில் குரிட்டிபா என்ற நகரம் 1974-லேயே பேருந்துக்குத் தனிப்பாதை ஒதுக்கியது. மெட்ரோ தோண்டுவதற்குப் பணமில்லாத ஊர் அது. சாலையைப் பங்கிடும் நெஞ்சுரம் இருந்தது. இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காக நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல் வேலை நடத்தத் துணிந்த நமக்கு, வர்ணமும் தூரிகையும் போதுமான ஒரு காரியத்தில் தயக்கம் என்ன?

மகளிர் கட்டணமில்லாப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 மே மாதத்திலிருந்து வெள்ளைப் பலகை மாட்டிய சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சமீப காலத்தில் செய்யப்பட்ட நற்காரியங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன். குடிசைகளைப் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்ட பிறகு, ஊருக்குள் வந்து பிழைப்பதற்கு அந்தப் பெண்களுக்கு இருந்த ஒரே கயிறு பேருந்துதான். ஆனால் கட்டணம் இல்லை என்பதால் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை என்ற ஒரு மனோபாவம் மெல்ல மெல்லப் பரவி வருகிறதே, அதை முளையிலேயே கிள்ள வேண்டும். அந்தச் சீட்டுக்கு உரிய தொகையை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. அது நம் வரிப்பணம், அந்தப் பெண் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் அவள் கொடுத்த வரியும் அதில் சேர்ந்தது. வெள்ளைப் பலகை வண்டிக்குக் கை காட்டும் பெண் யாசகம் கேட்கவில்லை. மேலும், வராத வண்டியில் இலவசம் என்பது எதற்கு ஆகும்? நாற்பது நிமிஷம் நின்று பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவளுக்கு அந்தச் சலுகை எந்தப் பையில் போய்ச் சேர்ந்தது?

இனி, ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் கஷ்டத்துக்கு வருகிறேன். பேருந்து மாநில அரசுக்கு. மின்சார ரயில் ரயில்வேக்கு. மெட்ரோ இரண்டு அரசுகளும் சேர்ந்த கம்பெனிக்கு. சொத்துப் பிரித்துக்கொண்ட சகோதரர்கள் நடுவே சுவர் எழுப்பியதுபோல், ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் பிரமாதமாகக் கட்டுகிறார்கள்; சுவரேறிக் குதிப்பது பிரயாணியின் தலைவிதி. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி மாபெரும் பேருந்து முனையத்தைத் திறந்தார்களே, ஜி.எஸ்.டி. சாலைக்கு மறுபுறம் தாம்பரம் - செங்கல்பட்டு ரயில் பாதை கண்ணுக்கெதிரே ஓடுகிறது. திறந்த அன்று அங்கே ஒரு ரயில் நிலையம் இல்லை. நள்ளிரவில் ஊரிலிருந்து வந்து இறங்கி, பெட்டியையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு, எதிரே தண்டவாளத்தைப் பார்த்தபடி மாநகரப் பேருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர்! பறக்கும் ரயிலைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். நான்காவது பாதை போடுவதற்கு ஏழு மாதம் என்றார்கள். மறுபடி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். பதினான்கு மாதம்! வேலை தாமதமாவது சகஜம். அந்தப் பதினான்கு மாதமும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கியவர்கள் மேற்கொண்டு எப்படிப் போவார்கள் என்பது யாருடைய பொறுப்பு?

இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்றை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கியது. அதன் முதல் கூட்டம் கூடியது 2022 நவம்பரில். பன்னிரண்டு வருஷம்! ராமன் வனவாசத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும் காலம். எனினும் 2025 செப்டம்பரில் பேருந்துக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் சேர்த்து ஒரே சீட்டு எடுக்கும்படியான செயலி வந்தது. அதற்காக மனமாரப் பாராட்டுகிறேன். சீட்டு ஒன்றாகிவிட்டது. நேரம் ஒன்றாக வேண்டாமா? கடைசி ரயில் வந்து சேரும்போது கடைசிப் பேருந்து புறப்பட்டுப் போயிருந்தால், ஒரே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் குற்றவாளியாவேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் போக்குவரத்தில் உரிமை கொடுத்திருக்கிறது. நீதிமன்றம் வரையில் போய்ப் போராடிய பிறகு, 2024-இல் தாழ்தள வண்டிகள் இந்த ஊருக்குத் திரும்பி வந்தன. வண்டியின் தளம் தாழ்ந்திருப்பது போதாது. அது நடைபாதை ஓரத்தை ஒட்டி வந்து நின்றால்தான் சக்கர நாற்காலி உள்ளே போகும். நிறுத்தத்தில் ஆட்டோக்கள் நின்றுகொண்டு, வண்டி நடுச்சாலையில் நின்றால், அத்தனை ரூபாய் கொடுத்து வாங்கிய தாழ்தளம் வீணே. ஆகவே நிறுத்தத்தை ஒழுங்கு செய்வது போலீஸ் வேலை, மாநகராட்சி வேலை, எங்கள் வேலையல்ல என்று கழகம் சொல்வதை நாம் ஏற்கக் கூடாது. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காக நிறுத்தங்களை இடம் மாற்றினார்களே, பழைய இடத்தில் "இங்கே நிற்காது, அங்கே போங்கள்" என்று ஓர் அட்டையில் எழுதிக் கட்ட எவ்வளவு செலவாகும்? பழைய இடத்திலேயே காத்திருக்கும் முதியவருக்கு அதைச் சொல்வது டீக்கடைக்காரர். சம்பளமில்லாத அந்த உத்தியோகஸ்தரை இங்கே வணங்குகிறேன்.

ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மே மாத வெயிலில் இன்ஜின் சூட்டுக்கு அருகே எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரும், நாள் முழுவதும் சில்லறைக்காகத் தொண்டை கிழியும் நடத்துநரும் நம்மைப் போலவே இந்த ஏற்பாட்டில் அடிபடுகிறவர்கள். நம் ஊர்ப் பேருந்தில் ஒரு வழக்கம் உண்டு: பின்கோடியில் நிற்பவர் காசை முன்னே நீட்டுவார்; அது பத்துக் கைகள் மாறி நடத்துநரிடம் போகும்; சீட்டும் மீதிச் சில்லறையும் அதே பத்துக் கைகள் வழியாக ஒரு காசு குறையாமல் திரும்பி வரும். முன்பின் அறியாத பத்துப் பேர் ஒருவரையொருவர் இப்படி நம்புகிறோம். இவ்வளவு நம்பிக்கைக்குப் பாத்திரமான ஜனங்களுக்கு, "இத்தனை நிமிஷத்துக்குள் வண்டி வரும்" என்று ஒரு வாக்குக் கொடுப்பதற்கு நிர்வாகம் ஏன் அஞ்ச வேண்டும்?

ஆகவே நான் முன்மொழியும் தீர்மானம் இது. ஒவ்வொரு தடத்திலும் இரண்டு வண்டிகளுக்கு இடையே ஆன நேரத்தைத் தினந்தோறும் கணக்கெடுத்து, மாதம் ஒரு முறை அந்தத் தடத்தின் எல்லா நிறுத்தங்களிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். டிப்போக்களை டீசலாலும் வசூலாலும் அளப்பதோடு அந்தக் கணக்காலும் அளக்க வேண்டும். கழகத்துக்காக ஓடும் தனியார் வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கும் ஒப்பந்தங்களிலும் இதே நிபந்தனையை எழுத வேண்டும். மெட்ரோ நிலையத்து வாசலில் நிற்கும் பேருந்துக்கும் நிமிஷப் பலகை வைக்க வேண்டும். புதிய பாலம் கேட்கவில்லை, புதிய சுரங்கம் கேட்கவில்லை. கணக்கு வைக்கச் சொல்கிறோம். வைத்த கணக்கை எங்களுக்குக் காட்டச் சொல்கிறோம்.

மணி ஒன்பதாகப் போகிறது. தெற்கே வெகுதூரம் போக வேண்டிய தாய்மார்கள் கடைசி வண்டியைத் தவறவிட்டால் ஆட்டோவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஆகையால் அவர்கள் முதலில் கையெழுத்திட்டுப் புறப்படட்டும், மற்றவர்கள் பொறுத்திருப்போம். கையெழுத்துத் தாள் வாசலருகே மேஜையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் கழுவித் துடைத்த ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸும் இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் நசுங்கியிருக்கும். மூடியில் 'ச' என்ற ஓர் எழுத்து வெட்டியிருக்கிறது. பெரும்பாக்கத்திலிருந்து வந்திருப்பவர்கள் யாருக்காவது அந்த அம்மாளைத் தெரிந்திருந்தால், தயவுசெய்து அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள்.